நாற்பது திர்ஹம் முயல்

காசுக்குக் குரல் உண்டு.
கல்மேல் போட்டால் சொல்லிவிடும்,
தன் வயிற்றில் எவ்வளவு செம்பு என்று.
ஃபுஸ்தாத் நகரத்துச் சந்தையில்
பதினேழு வருடமாய் அதைக் கேட்பதுதான்
என் பிழைப்பு.

நைல் வடிந்த மாதம்
முதர்ரிஃப் வந்தான், நகக்கண்ணெல்லாம் காவி.
நாற்பது திர்ஹம் கேட்டான்.
அவன் நாணயத்தை நம்பி நாணயம் கொடுத்தேன்.
சாட்சி, எதிர்க்கடை ஆளிவிதை வணிகர் பிஷ்ர்.
எதற்கு என்று கேட்காதது என் தவறு.

கேட்காததைப் பார்க்கப் போனேன்.
ஊருக்குத் தெற்கே, குப்பை மேடுகளை ஒட்டி
அவன் சூளை.
போன நேரம்
என் காசுகளைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தான்.
கலீஃபாவின் பெயர் நடுவில் துண்டானது.
கந்தகம் தூவி, சட்டியிலிட்டு,
எள் வறுப்பதுபோல் வறுத்தான்.
வெள்ளி கறுத்தது, நொறுங்கியது, பொடியானது.
காவிமண்ணும் திராட்சைக் காடியும் விட்டு
அரைத்தான், அரைத்தான்.
எனக்குக் கண்ணில் நீர்.
கந்தகப் புகை என்று சொல்லிவைத்தேன்.

ஏற்கெனவே சுட்டு எடுத்த வெண்கிண்ணம்,
பாலாடைபோல் வழவழப்பு.
அதன்மேல் அந்தச் சேற்றுக் குழம்பால்
ஒரு முயல்.
வாயில் இலை. காதுகள் இரண்டும்
ஓட்டத்தில் பின்னால் சாய்ந்து கிடந்தன.
ஊசிமுனையால் ஒரு புள்ளி சுரண்டினான்:
கண்.

முதல் சூட்டின் தீக்கு வயிறார விறகு போடலாம்.
இந்தத் தீயைப் பட்டினி போடவேண்டும்.
வாயை அடைத்தான், புகைபோக்கியில் ஓடு வைத்தான்.
மூச்சு முட்டிய தீ
கிண்ணத்தின் பூச்சிலிருந்தே
தன் காற்றைப் பிடுங்கித் தின்றது.
மொட்டைமாடியில் துணி உலர்த்திய ஸுமுர்ருதா
அவனுடைய ஏழு தலைமுறையையும்
பெயர் சொல்லி ஏசினாள்.
ஐந்தாவது பெயர் தப்பு என்று
உள்ளிருந்தே திருத்தினான்.

மூன்றாம் நாள் திறந்தான்.
பதினொன்றில் எட்டு பாழ்.
சிலவற்றில் பச்சைத் தழும்பு, சிலவற்றில் வெறும் புகைக்கறை.
இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
பஞ்சாயத்துக்கும் பிரியாத தம்பதிபோல்.
மேட்டில் வீசினான், எண்ணாமல்.
நான் எண்ணினேன்,
ஒவ்வொன்றும் மூன்றரைக்கு மேல்.

மீந்த மூன்றும் அடிப்பிடித்த சட்டிதான்.
ஈரச் சாம்பல். கந்தல் துணி.
தேய்த்தான்.
மண்ணின் தோல் உரிந்தது.
முதலில் ஒரு காது.

நான் கொடுத்தது வெள்ளி,
வந்தது பொன்.
பொன் என்று வாய் மூடுவதற்குள்
சற்றே சாய்த்தான்: மயில்கழுத்து.
நிழலில் வைத்தான்: வெறும் தேன்பழுப்பு.
வாங்கிச் சுண்டிப் பார்த்தேன்,
மண்ணின் குரல்தான்.
உரைகல்லுக்குக் கை போனது.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

மற்ற இரண்டு கிண்ணமும் விற்று
பிஷ்ர் முன்னிலையில் கடன் தீர்ந்தது,
ஒரு வருடம் தாமதமாய்.
வட்டி ஹராம்.
ஆகவே முயல் வட்டி அல்ல,
அன்பளிப்பு என்று ஒத்துக்கொண்டோம்
மூவரும், சிரிக்காமல்.

இப்போது அதில் மொச்சை தின்கிறேன்,
இரவெல்லாம் வெந்தது, எலுமிச்சை பிழிந்தது.
பாதிவரை ஒன்றும் தெரியாது.
பிறகு காது. பிறகு இலை.
ரொட்டியால் வழித்தெடுக்கும்போது
அந்தச் சுரண்டிய கண்.

என் பேரேட்டில்
எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று உண்டு,
முழுத் தினாருக்கு இத்தனை, தேய்ந்ததற்கு இத்தனை.
முயல் என்று எழுதி, எதிரே
விளக்கொளியில் ஒரு தொகை போடுகிறேன்.
மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு
உள்ளே போகிறாள்.
அடித்துவிடுகிறேன்.